பாலக்காடு ரோட்டுச் செப்டிக் டேங்க் லாரிகள்: எதைப் பார்த்துக் கூப்பிடுவது?

கோவையில் குனியமுத்தூர் தாண்டியதும் பாலக்காடு ரோட்டோரத்து ஈபி போஸ்ட்களைப் பாருங்கள். 'வீடு வாடகைக்கு', 'போர் போடப்படும்' நோட்டீஸ்களுக்கு மேலே மஞ்சள் பெயின்ட்டில் ஒரு செல் நம்பரும் 'செப்டிக் டேங்க் கிளீனிங்' என்ற எழுத்தும் இருக்கும். மதுக்கரை, எட்டிமடை, நவக்கரை, கே.ஜி.சாவடி என்று வாளையார் வரைக்கும் இதே கதைதான். சோளக்காடாக இருந்த இடமெல்லாம் 3 சென்ட் சைட்டுகள் ஆகிவிட்டன. தார் ரோடு, கரண்ட், கேபிள் எல்லாம் வந்தாயிற்று. சாக்கடைக் குழாய் மட்டும் வரவில்லை. குறிச்சியும் குனியமுத்தூரும் 2011-இல் கோவை மாநகராட்சியில் சேர்ந்தவை. அங்கேயே பாதாளச் சாக்கடை வேலை வருஷக்கணக்கில் இழுத்தது. மதுக்கரை 2021-இல்தான் நகராட்சி ஆனது. அதற்கு மேற்கே பேரூராட்சியும் ஊராட்சியும்தான். ஆக, இந்த லேஅவுட்டுகளுக்கு உண்மையான சாக்கடை என்பது சக்கரம் வைத்த அந்த லாரிதான்.

அந்தச் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. எந்த நம்பரையும் பேர் சொல்லிப் புகழவோ திட்டவோ இல்லை. போஸ்டில் இருக்கும் நம்பர் ஆறு மாதத்தில் மாறிவிடும். வண்டியையும் ஆளையும் வைத்து நல்லதை அடையாளம் காணலாம். முதலிலேயே சொல்லிவிடலாம்: உறிஞ்சும் வேலையில் பெரும்பாலான லாரிகள் பாஸ். கொண்டுபோய் இறக்கும் வேலையில் பலவும் பெயில்.

போனில் வரும் முதல் கேள்வி, "எத்தனை லோடுங்க வரும்?" இதற்கு 'தெரியாதுங்க' என்று சொன்னால் அங்கேயே காசு போக ஆரம்பிக்கும். கணக்கு இங்கே டேங்குக்கு இல்லை, லோடுக்கு. நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி, வருவதை 28-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைத்துவிடும். 10 அடிக்கு 6 அடி டேங்க், தண்ணீர் 5 அடி நிற்கிறது என்றால் 300 கன அடி, அதாவது சுமார் 8,400 லிட்டர். 6,000 லிட்டர் வண்டிக்கு ஒன்றரை லோடு. இரண்டு லோடுக்குக் காசு கேட்டால் நியாயம். 3,000 லிட்டர் சின்ன வண்டியை அனுப்பிவிட்டு 'ரெண்டு லோடுல முடிச்சாச்சுங்க' என்றால் அடியில் 2,400 லிட்டர் இன்னும் கிடக்கிறது என்று பொருள். உறை இறக்கிய வட்டக்குழிக்கு வேறு கணக்கு. 4 அடி விட்டம், 12 அடி ஆழம் என்றால் ஏறக்குறைய 4,200 லிட்டர்தான், ஒரே லோடு. வண்டியின் கொள்ளளவைப் போனிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'பெரிய வண்டிதானுங்க' என்பது ஓர் அளவு அல்ல.

அடுத்தது ஹோஸ். லேஅவுட் வரைபடத்தில் 30 அடி என்று இருக்கும் ரோட்டில் ஒருவர் படிக்கட்டு கட்டியிருப்பார், இன்னொருவர் காரை நிறுத்தியிருப்பார். லாரி உள்ளே திரும்பாது. வாசலிலிருந்து டேங்க் மூடி வரை கயிறு பிடித்து அளந்து சொல்லுங்கள். 100 அடி ஹோஸ் பெரும்பாலான வண்டிகளில் இருக்கிறது. அதற்கு மேல் போனால் இணைப்புகள் கூடும், ஒவ்வொரு இணைப்பிலும் காற்று கசியும், உறிஞ்சு வேகம் குறையும். ஆழத்துக்கும் வரம்பு உண்டு. பம்ப் உண்மையில் கசடை இழுப்பதில்லை. லாரி டேங்கிலிருந்து காற்றை வெளியேற்றுகிறது, வெளிக்காற்றின் அழுத்தம்தான் கசடை மேலே தள்ளுகிறது. சுத்தத் தண்ணீரையே இந்த முறையில் 10 மீட்டருக்கு மேல் தூக்க முடியாது. கெட்டிக் கசடு 6 மீட்டர் ஏறினாலே பெரிது. 25 அடி உறைக்குழி வெட்டிவிட்டு 'அடிவரைக்கும் எடுங்க' என்று டிரைவரிடம் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

வண்டி வந்து நின்றதும் நடக்கும் பேச்சு ஊருக்கு ஊர் ஒன்றுதான்.

"மூடி எங்கீங்க இருக்கு?"

"அண்ணா, இங்கதான் இருந்துச்சு... மேல டைல்ஸ் போட்டுட்டோம்."

போர்ட்டிகோவில் பளபளக்கும் டைல்ஸுக்கு அடியில் மூடியைப் புதைத்த வீடு தெருவுக்கு நாலு இருக்கும். உடைக்கும் கூலி தனி, டைல்ஸ் தனி. உடைக்கும்போது கான்கிரீட் துண்டு உள்ளே விழுந்தால் ஹோஸ் வாயை அடைக்கும். இது லாரிக்காரர் குற்றமல்ல. முழு மதிப்பெண்ணை இழப்பவர் வீட்டை வடிவமைத்த மேஸ்திரி. டேங்குக்கு இரண்டு அறை இருந்தால் இரண்டு மூடி வேண்டும், ஒன்று போதாது. முதல் அறை மொத்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கசடு நிற்பது அதில்தான். ஒற்றை மூடியை இரண்டாவது அறைக்கு மேல் வைத்த டேங்குகளும் உண்டு. அவற்றில் லாரி எவ்வளவு உறிஞ்சினாலும் தெளிந்த தண்ணீர்தான் போகும்.

மூடியைத் திறந்ததும் நல்ல ஆட்கள் உடனே வேலையை ஆரம்பிக்க மாட்டார்கள். தள்ளி நின்று காற்றுப் போக விடுவார்கள். பீடியை அணைக்கச் சொல்வார்கள், உள்ளே தீப்பிடிக்கும் மீத்தேன். குனிந்து எட்டிப் பார்க்க மாட்டார்கள், ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது என்பதே எச்சரிக்கை. அளவு கூடும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும், ஆபத்து அங்கேதான். 'நாத்தம் அடங்கிருச்சு, எறங்கலாம்' என்று யாராவது சொன்னால் அந்த வண்டியை அப்படியே திருப்பி அனுப்புங்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறக்கியவரோடு, வேலைக்கு வைத்த வீட்டுக்காரரும் பதில் சொல்ல வேண்டிவரும். உயிரிழப்புக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. இந்தச் சாவுகளில் பாதிக் கதை ஒரே மாதிரி இருக்கும்: முதலில் இறங்கியவர் மயங்குவார், தூக்கப் போனவரும் உள்ளேயே விழுவார். பக்கெட்டும் கயிறும் லாரியில் தொங்கினால் அது எதற்கு என்று கேளுங்கள்.

உறிஞ்சும் வேலையில் தரத்தைக் காட்டிக்கொடுப்பது ஒரு சின்ன விஷயம். டேங்கில் மூன்று அடுக்கு இருக்கும்: மேலே எண்ணெயும் சோப்பும் மிதந்து உறைந்த ஏடு, நடுவில் தண்ணீர், அடியில் சேறு மாதிரிக் கசடு. சோம்பேறி ஆட்கள் ஹோஸை நடுவில் விட்டுத் தண்ணீரை இழுத்து, 'லோடு ஃபுல்லுங்க' என்று கிளம்பிவிடுவார்கள். மூன்றே மாதத்தில் கக்கூஸில் தண்ணீர் மறுபடி எதிர்த்து ஏறும். வேலை தெரிந்தவர்கள் வால்வை மூடி வைத்து முதலில் லாரி டேங்கின் காற்றை இழுத்து வேக்கம் ஏற்றுவார்கள், அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துத் திறப்பார்கள், கொஞ்சம் இழுத்ததும் பம்பை ரிவர்ஸில் போட்டு உறிஞ்சிய தண்ணீரையே திருப்பி அடித்து அடிக்கசடைக் கலக்குவார்கள். பிறகு மொத்தமாக இழுப்பார்கள். ரிவர்ஸில் அடிக்கும் அந்தக் குபுகுபு சத்தம் ஒரு தடவையாவது கேட்டால் கொடுத்த காசு வீண் இல்லை.

சரிபார்க்க ஒரு மூங்கில் போதும். 8 அடிக் கம்பில் பழைய வெள்ளை வேட்டித் துணியை இறுக்கிச் சுற்றி, மெதுவாக அடிவரை இறக்கி, சில நிமிஷம் விட்டு எடுத்தால் கறுப்பாகப் படிந்த உயரம்தான் கசடு. லாரி வரும் முன் ஒரு தடவை, போன பின் ஒரு தடவை. ஏடும் கசடும் சேர்ந்து தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டியிருந்தால் கூப்பிட வேண்டிய நேரம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இது 2 அல்லது 3 வருஷத்தில் வரும். அடியில் ஒரு சாண் கசடு மிஞ்சினால் கவலை வேண்டாம். டேங்கைக் கழுவி வெள்ளையாக்கச் சொல்லாதீர்கள். 'பாக்டீரியா பவுடர்' விற்கும் லாரிக்காரரிடம் வாங்கவும் வேண்டாம், சாணி கரைத்து ஊற்றவும் வேண்டாம். தேவையான கிருமிகள் தினமும் காலையில் தாமாகவே உள்ளே போய்ச் சேர்கின்றன. ஆசிட்டும் பீனாயிலும் பாட்டில் பாட்டிலாகக் கொட்டுவதுதான் அவற்றைக் கொல்லும். பேம்பர்ஸும் நாப்கினும் போட்ட வீட்டில் ஹோஸ் அடைத்து, அதை எடுக்கக் கூடுதல் காசு கேட்டால் அது நியாயமான காசு. பிளாஸ்டிக் ரெடிமேட் டேங்க் வைத்தவர்கள் மட்டும் உறிஞ்சியவுடன் பாதியளவு தண்ணீர் நிரப்பிவிட வேண்டும். மழைக்காலத்தில் சுற்றிலும் ஈரம் ஊறியிருக்கும்போது காலி டேங்கை மண்ணின் அழுத்தம் நெளித்துவிடும், சில நேரம் ஊறிய தண்ணீர் மேலேயே தூக்கிவிடும். இந்தப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு ஜூனிலிருந்தே சாரல் அடிக்கும், ஐப்பசியிலும் மழை உண்டு. மாசி, பங்குனியில் எடுப்பதே உசிதம்.

'எங்க வீட்டு டேங்க் பத்து வருஷமா நிறையவே இல்லீங்க, லாரியே கூப்பிட்டதில்ல' என்று பெருமையாகச் சொல்பவர்கள் எல்லா லேஅவுட்டிலும் இருப்பார்கள். அந்த டேங்க் நிறையாததன் காரணம், அதற்கு அடி இல்லை. பூசாமல் விட்ட அடி, ஓட்டை வைத்து அடுக்கிய உறை. எல்லாம் நேராக மண்ணுக்குள் போகிறது. கழிவுநீர் இறங்கும் உறிஞ்சு குழிக்கும் குடிநீர் எடுக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 18 மீட்டர் என்றால் 60 அடி. 3 சென்ட் சைட் 30 அடிக்கு 43 அடி. தன் வீட்டுக் குழிக்கும் தன் வீட்டுப் போருக்கும் இடையே 60 அடி விட இந்த மனையில் வழியே இல்லை. பக்கத்து வீட்டுக் குழி உங்கள் போருக்கு 12 அடியில் இருக்கலாம். சுவர் மேலே மட்டும்தான். கீழே பாறை வெடிப்புகளுக்குச் சுவர் தெரியாது. மதுக்கரை சுண்ணாம்புப் பாறைக்குப் பேர் போன இடம். சுற்றியுள்ளதும் வெடிப்பு விட்ட கெட்டிப் பாறை. 800 அடி, 1,000 அடி போர் போட்டிருக்கிறோம், அவ்வளவு ஆழத்துக்கு அழுக்கு எப்படி வரும் என்ற நம்பிக்கை தப்பு. போரின் மேல்பகுதியில் இறக்கும் கேசிங் பைப்பை 20 அடியோடு நிறுத்தி, சுற்றிலும் சிமென்ட் பாலும் ஊற்றாமல் விட்டிருந்தால், மேலடுக்குத் தண்ணீர் பைப்பின் வெளிப்பக்கமாகவே சரசரவென்று இறங்கும். போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினாலோ, 100 மில்லியில் ஈ.கோலை ஒன்று இருந்தாலோ குடிக்கத் தகாது. நைட்ரேட்டைக் கொதிக்க வைத்து நீக்க முடியாது; தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். கைக்குழந்தை உள்ள வீடு இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

இனி, லாரி உங்கள் தெருமுனை திரும்பிய பிறகு. இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மதிப்பெண்ணில் பாதியை இதற்கே வைக்க வேண்டும்.

முறையாக இறக்க வேண்டிய இடம் சுத்திகரிப்பு நிலையம். கோவையில் உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் திறனுள்ள நிலையம் இருக்கிறது. லாரிகள் இறக்க அங்கே ஏற்பாடும் உண்டு. எட்டிமடையிலிருந்து போய்வர ஏறக்குறைய 30 கிலோமீட்டர். லோடு ஏற்றிய டேங்கர் லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர் கொடுக்கும். அப்படியானால் டீசல் மட்டும் 6, 7 லிட்டர், சுமார் 600 ரூபாய். அதற்கு மேல் இறக்கும் கட்டணம், வரிசையில் காத்திருக்கும் நேரம், ஆத்துப்பாலம் டிராஃபிக். இப்போது போனில் கேட்ட ரேட்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மற்றவர்களைவிட ஒருவர் 500, 600 குறைத்துச் சொன்னால் அவர் எந்தச் செலவை மிச்சம் பிடிக்கிறார் என்பது புரியும். உங்கள் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டரில் ஏதோ ஓர் ஓடையில் வால்வைத் திறந்துவிடப் போகிறார். ராத்திரி 11 மணிக்கு மேல்தான் வருவேன் என்பவரும் பெரும்பாலும் இந்த ரகம். 6,000 லிட்டர் செப்டிக் கசடு சாதாரணச் சாக்கடைத் தண்ணீரைவிடப் பல மடங்கு அடர்த்தி. ஒரு லோடு போதும், சின்னக் குட்டையில் மீன் மிதக்கும்.

தோப்புக்காரர் கேட்டு வாங்கிக்கொள்கிறார் என்ற பதிலும் வரும். பொய்யில்லை, தென்னைக்கு நல்ல உரம் என்று விடச் சொல்கிறவர்கள் உண்டு. குழி வெட்டி, விட்டு, உடனே மண் போட்டு மூடி, காய விட்டால் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். நடப்பது அதுவல்ல. மரங்களுக்கிடையே திறந்து விட்டுவிட்டுப் போகிறார்கள்; நாக்குப்பூச்சி முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கிலும் கொக்கிப்புழுக் குஞ்சுகள் வாரக்கணக்கிலும் உயிரோடு கிடக்கும், தேங்காய் பொறுக்கப் போகும் பெண்களின் காலில் செருப்பு இருக்காது.

எல்லைப் பக்கம் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கேரளத்திலிருந்து கோழிக்கழிவும் ஆஸ்பத்திரிக் கழிவும் வாளையார் தாண்டி வந்து நம் காடுகளில் கொட்டப்படுகிறது என்று கொதிக்கிறோம். கொதிப்பது சரிதான். 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கொட்டிய மருத்துவக் கழிவைப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, கேரளமே லாரி அனுப்பி அள்ளிப்போக வேண்டியதாயிற்று. ஆனால் குனியமுத்தூர்ப் பக்கம் ஓடையில் விட்டால் அது நொய்யலுக்குப் போகும்; கே.ஜி.சாவடி தாண்டி வாளையாற்றுப் பக்கம் விட்டால் கல்பாத்திப் புழை வழியாகப் பாரதப்புழைக்குப் போகும். எல்லைக்கு அந்தப் பக்கம் கஞ்சிக்கோட்டிலும் தமிழ் பேசும் வீடுகள் உண்டு, முற்றத்துக் கிணற்றை நம்பி இருப்பவை. நாம் அனுப்பும் பார்சலுக்குச் செக்போஸ்ட் கிடையாது, அவ்வளவே.

லாரியைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த வண்டிகளுக்கு உள்ளாட்சி உரிமம் கட்டாயம், வண்டியில் ஜிபிஎஸ்ஸும் இருக்க வேண்டும். உரிமத்தின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வைத்திருப்பவர் ரெண்டு நிமிஷத்தில் அனுப்புவார், இல்லாதவர் 'ஆபீஸ்ல இருக்குதுங்க' என்பார். இறக்கிய இடத்தில் கொடுக்கும் ரசீதைக் காட்டினால்தான் மீதிப் பணம் என்று முன்கூட்டியே பேசி, 500 ரூபாயை நிறுத்தி வையுங்கள். இதைச் சொன்னதும் போனை வைத்துவிடும் நம்பர்களும் இருக்கும்; அவற்றைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஆள் இறக்கும் வண்டியோ ஓடையில் விடும் வண்டியோ கண்ணில் பட்டால் 14420 என்ற எண்ணுக்குச் சொல்லலாம், லாரி வேண்டும் என்றாலும் இதே எண்தான்.

ரகவாரியாகச் சொன்னால், பகலில் வரும் உரிமம் பெற்ற தனியார் லாரிக்கு 5-க்கு 4. ரேட் கொஞ்சம் கூட, நேரம் தவறுவது உண்டு. நகராட்சி, பேரூராட்சி வழியாகப் பதிவு செய்யும் வண்டிக்கு 3½. இறக்கும் இடத்தில் சந்தேகம் இல்லை, ஆனால் அவசரத்துக்குக் கிடைக்காது, டேங்க் பொங்கி வழியும் வரை காத்திருந்தவர்களுக்கு இது உதவாது. டிராக்டர் டேங்கருக்கு 2. குறுகலான சந்தில் நுழைவது மட்டுமே அதன் பலம், 30 கிலோமீட்டர் ஓடி உக்கடம் போகும் டிராக்டர் அபூர்வம். நள்ளிரவு நம்பருக்கு மதிப்பெண்ணே வேண்டாம்.

வண்டி போன பிறகு மூடியைத் திரும்பப் பூசும்போது மேஸ்திரியை வழக்கமான சிமென்ட் கலவை போட விடாதீர்கள். சுண்ணாம்புக் கலவையோ, ஒன்றுக்கு எட்டு மணல் போட்ட பலவீனமான கலவையோ போதும். கொசுவும் நாற்றமும் வெளியே வராது, அடுத்த தடவை கடப்பாரையால் ரெண்டு தட்டில் விட்டுவிடும். கழிவு டேங்குக்குள் வரும் இன்லெட் டீ-பைப் உடைந்திருக்கிறதா என்று மூடும் முன்பே பார்த்துவிட வேண்டும், 4 இஞ்ச் பிவிசி டீ ஒன்று மாற்றுவது அரை மணி நேர வேலை. காற்றுக்குழாயின் உச்சியில் கொசுவலை கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பிறகு தேதி, எத்தனை லோடு, வண்டி நம்பர் மூன்றையும் ஈபி மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் மார்க்கரால் எழுதி வைத்துவிடுங்கள். வாடகைக்கு யார் வந்தாலும் அந்தக் கதவைத் திறப்பார்கள்.